அரைக் கிலோ பிளேட்டும் நாற்பது கிராம் சோயாவும்: ஓவர்ஹெட் பிரஸ் 50 கிலோ

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு வழியாக 50 கிலோ தலைக்கு மேலே போய்விட்டது. சரியாகச் சொன்னால் 50.25. ராடைத் தோளில் வைத்து, முழங்காலை மடக்காமல், நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ். என் எடை 69 கிலோ. ஜிம்மில் பழகியவர்களுக்கு இது பெரிய எடை இல்லை. ஆனால் 40-ல் ஒரு வருடத்துக்கும் மேலாக நின்றுபோயிருந்த எனக்கு, இந்தப் பத்து கிலோவுக்காகச் செய்ததில் பாதி வேலை ஜிம்முக்கு வெளியே நடந்தது: பழைய இரும்புக் கடை, லேத் பட்டறை, அப்புறம் அடுப்படி. வீட்டில் தனியாக எடை தூக்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கோவை கணபதிப் பக்கம் வீடு. மூடிய ஒரு ஜிம்மிலிருந்து 7 அடி ராடு ஒன்று, வார்ப்பிரும்பு பிளேட் ஏறக்குறைய 90 கிலோ, ஒரு ஸ்டாண்டு என மொத்தமாக எடுத்தேன். பிளேட்டுக்குக் கிலோ 85 ரூபாய், ராடுக்கு 4,500, ஸ்டாண்டுக்கு 3,000. இடம் போர்டிகோதான். உள்ளே ரூமில் முடியாது. ஐந்தே முக்கால் அடி ஆள் கையை நீட்டினாலே ராடு ஏழடிக்கு மேல் போகும், அதற்கு மேல் பிளேட்டின் பாதி விட்டம், அதற்கும் மேல் ஃபேன்.

போர்டிகோவில் ஒரு சின்னத் தொல்லை இருந்தது. எல்லா முறையும் ராடு இடப்பக்கம் சாய்வதுபோல ஓர் உணர்வு. தோள்தான் பலவீனம் என்று இடது கைக்குத் தனியாக டம்பெல் போட்டுக்கொண்டிருந்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தரையே சாய்வு. மழைத் தண்ணீர் வெளியே ஓட எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். கால் அகலத்துக்கு அது நாலு மில்லிமீட்டர். பிளைவுட் அடித்து மேடை போடலாமா என்று ஆசாரியிடம் விலையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் செய்தது ஒன்றுதான்: தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வாட்டம் குதிகாலிலிருந்து விரலுக்குப் போய்விட்டது. இரண்டு காலும் சமம். செலவு இல்லை. கீழே மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் ரப்பர் விரிப்பு ஒன்று மட்டும் வாங்கினேன். ஜிம் ரப்பர் டைல் விலையில் பாதிதான், பசு மாடு நிற்கிற கனம். நமக்குப் போதும்.

திரும்பி நின்ற பிறகும் சாய்வு முழுசாகப் போகவில்லை. பாதி குறைந்திருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் பிளேட்டுகள் மேல் சந்தேகம் வந்தது.

எடை போட்டுப் பார்த்தது

பயணப் பெட்டி தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு, 50 கிலோ வரை, 350 ரூபாய். அதை அப்படியே நம்ப முடியாது. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் முத்திரை போட்ட பழைய 5 கிலோ எடைக்கல் இருந்தது. அதைத் தொங்கவிட்டதில் 5.02 காட்டியது. சரி, இந்த வேலைக்குப் போதும்.

ஒவ்வொரு பிளேட்டையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கயிற்றின் எடையைக் கழித்து, சாக்பீஸில் அதன்மேலேயே எழுதினேன். 10 கிலோ என்று வார்த்திருந்த ஜோடியில் ஒன்று 10.28, மற்றது 9.62. ஐந்து கிலோ ஜோடி 5.05, 4.78. இரண்டரை ஜோடி 2.61, 2.36. ஒன்றேகால் இரண்டும் 1.31, 1.34. வார்ப்பிரும்பில் கடைசல் பிடிக்காமல் அப்படியே பெயின்ட் அடித்து விற்கிற பிளேட்டுகளில் இந்த ஏற்ற இறக்கம் சகஜம். போட்டிக்கான பிளேட்டுகளில் கிராம் கணக்கில்தான் விலகல் இருக்கும். அதன் விலையும் அதற்கேற்றபடி. 20 கிலோ ராடு என்று வாங்கியது 18.8.

இப்போது பழைய கணக்கைத் திரும்பப் போட்டேன். 40 என்று நான் தூக்கியது 18.8 + 10.28 + 9.62, அதாவது 38.7. ஒரு பக்கம் 660 கிராம் கூடுதல் வேறு. சாய்வின் மறுபாதி அங்கே இருந்தது. அடுத்த படியான '42.5'-க்கு ஒன்றேகால் பிளேட் இரண்டும் ஏறும்போது 41.35. ஒரே தாவலில் 2.65 கிலோ. நூற்றுக்கு ஏழு.

ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்க்வாட்டில் 100 கிலோவுக்கு மேல் 2.5 ஏற்றுவது நூற்றுக்கு இரண்டரைதான். கால் தாங்கும். ஓவர்ஹெட் பிரஸ்ஸில் வேலை செய்வது தோளும் மேல்கையின் பின்பக்கத் தசையும். அங்கே ஏழு சதவீதத் தாவல் என்பது அடுத்த படியே அல்ல, இரண்டு மூன்று படிகளைச் சேர்த்து ஏறச் சொல்வது. ஒரு வருடமாக நான் வலுவில்லாமல் தோற்கவில்லை, படியில்லாமல் தோற்றிருக்கிறேன். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட் ஒன்றேகால் கிலோ. பெரும்பாலானவர்களின் பிரஸ் 35-க்கும் 45-க்கும் நடுவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒலிம்பிக் போட்டியிலேயே முன்பெல்லாம் அடுத்த முயற்சிக்கு 2.5 கிலோவாவது ஏற்ற வேண்டும். 2005 முதல்தான் 1 கிலோ போதும் என்று ஆக்கினார்கள். சாதனையை முறியடிக்க மட்டும் அரைக் கிலோ கூட்டினால் போதும் என்ற விதி அந்தக் காலத்தில் இருந்தது. 1970-களில் சோவியத் வீரர் வாசிலி அலெக்செயேவ் 80 உலக சாதனைகள் வைத்தார். பலவற்றை அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கூட்டித்தான். அவருக்கே அரைக் கிலோ என்றால் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்.

மணல் பை

முதலில் செய்தது மணல் பை. பழைய ஜீன்ஸ் துணியில் சிறு பை தைத்து, சலித்த எம்-சாண்டு அரைக் கிலோ வீதம் நிரப்பி, ராடின் இரு முனையிலும் கேபிள் டை போட்டுத் தொங்கவிட்டேன். செலவு முப்பது ரூபாய்கூட இல்லை. ஸ்க்வாட்டுக்கும், தரையிலிருந்து ராடைத் தூக்கும் டெட்லிஃப்டுக்கும் பரவாயில்லை. பிரஸ்ஸுக்கு உதவவில்லை. ராடு நெற்றியைத் தாண்டும் இடத்தில் பை முன்னும் பின்னும் ஆடுகிறது. இரண்டு பையும் ஒரே திசையில் ஆடினால் தப்பித்தோம். எதிரெதிராக ஆடினால் ராடு திருகும். அரைக் கிலோ பை ஆடும்போது இழுப்பது அரைக் கிலோவாகத் தெரிவதில்லை. சில வாரம் பொறுத்துவிட்டு விட்டேன்.

லேத் பட்டறை

பிளேட் போலவே ராடுக்குள் நுழைகிற ஏதாவது வேண்டும். இரும்புத் தகட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். அரைக் கிலோவுக்கு 63.7 கன சென்டிமீட்டர். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 6 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு. ராடின் முனையை வெர்னியரில் அளந்தேன், 49.7 மி.மீ.; துளை 51 என்று வைத்தேன். கணக்குப் போட்டால் வெளிவிட்டம் 127 மி.மீ. வருகிறது. இதில் ஒரு வசதி: அதே வட்டத்தை 3 மி.மீ. தகட்டில் வெட்டினால் அச்சாகக் கால் கிலோ. ஆகவே ஒரே அளவு, இரண்டு கனம்.

எத்தனை வேண்டும் என்பதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துக்குக் கால் கிலோ ஒன்றும் அரைக் கிலோ இரண்டும் இருந்தால் கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால் என எல்லாப் படியும் கிடைக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கால் கிலோ இரண்டு, அரைக் கிலோ நான்கு. கூடவே அந்த 9.62 பிளேட்டை 10.28-க்குச் சமமாக்க ஓர் அரையும் ஒரு காலும். ஆக, அரைக் கிலோ ஐந்து, கால் கிலோ மூன்று.

பழைய இரும்புக் கடையில் தகட்டுத் துண்டுகள் பொறுக்கி, கேஸ் கட்டிங்கில் 135 மி.மீ. வட்டமாக வெட்டி வாங்கினேன். வெட்டுக்கூலியோடு 440 ரூபாய். அங்கிருந்து தெரிந்த லேத் பட்டறைக்கு.

பட்டறை அண்ணன் வட்டங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இது எந்தப் பம்புக்குங்க?"

"பம்புக்கு இல்லைங்ணா. எக்சர்சைஸ் பண்ற ராடுல மாட்டறதுக்கு."

"அரைக் கிலோவை மாட்டி என்னத்தைங் தூக்கறது? டீ டம்ளரே கால் கிலோ வருமே."

நூற்றுக்கு ஏழு கணக்கைச் சொன்னேன். மோட்டார் ஷாஃப்டைப் பத்து மைக்ரான் பத்து மைக்ரானாகக் கடைகிறவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. அதற்குமேல் கேள்வி இல்லை.

3 மி.மீ. வட்டங்கள்தான் படுத்தின. கேஸ் சூட்டில் தகடு நெளிந்து, சக்கில் பிடித்தால் தள்ளாடியது. அவர் முதலில் ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டிச் சமப்படுத்தினார். பிறகு எட்டையும் அடுக்கி, ஓரத்தில் இரண்டு இடத்தில் பொட்டு வெல்டிங் வைத்து ஒரே உருளையாக்கி, நடுத் துளையை 51-க்குப் போர் போட்டார். அதற்குள் மாண்ட்ரல் என்கிற தண்டைச் செலுத்தி நட்டு முறுக்கி, வெளிவட்டத்தை ஒரே கடைசலில் 127-க்குக் கொண்டுவந்தார். கடையக் கடையப் பொட்டும் போய், எட்டும் தனித்தனியாகக் கழன்று வந்தன. தனித்தனியாகக் கடைந்திருந்தால் ஒன்றுக்கொன்று அளவு மாறியிருக்கும், கூலியும் ஏறியிருக்கும். ஓரங்களை மழுக்கிக் கொடுத்தார். எட்டுக்கும் சேர்த்து 1,200 ரூபாய்.

வீட்டில் எடை போட்டதில் அரைக் கிலோக்கள் 491 முதல் 503 கிராம் வரை. தகட்டின் கனம் இடத்துக்கிடம் கொஞ்சம் மாறும், அதனால் வருவது. ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேலே மஞ்சள் எனாமல். பெயின்ட்டே இரண்டு மூன்று கிராம் ஏற்றியது.

பக்கத்தில் லேத் இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. எம்48 போல்ட்டுக்கான வாஷர்: உள்விட்டம் 50, வெளிவிட்டம் 92, கனம் 8 மி.மீ. கணக்குப்படி 290 கிராம் சொச்சம். பெரிய போல்ட் கடைகளில் சொல்லிவைத்தால் வரும். ஆனால் ராடின் முனை 50-க்கு மேல் ஒரு கீற்று இருந்தாலும் நுழையாது. வாங்கும் முன் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

படி ஏறியது

தை மாதம் புதிதாகத் தொடங்கினேன். சாக்பீஸ் எண்களைப் பார்த்து ஜோடி சேர்த்தால் பழைய பிளேட்டுகளே ஓரளவு சமமாகின்றன. ஒரு பக்கம் 4.78 + 2.61 + 1.31, மறுபக்கம் 5.05 + 2.36 + 1.34. இடைவெளி 50 கிராம்தான். ராடோடு சேர்த்து 36.25. அதுதான் தொடக்கம், தூக்க முடிந்ததைவிட வேண்டுமென்றே குறைவு.

திங்கள் கனமான நாள்: 5 செட் (சுற்று), செட்டுக்கு 3 ரெப் (தூக்கு), நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு. வியாழன் லேசான நாள்: திங்கள் எடையில் நூற்றுக்கு எண்பது, 3 செட், 8 ரெப். பதினைந்தும் சுத்தமாக முடிந்தால் அடுத்த திங்கள் அரைக் கிலோ. முடியாவிட்டால் அதே எடை. இரண்டு வாரம் தொடர்ந்து முடியாவிட்டால் நூற்றுக்குப் பத்து இறக்கிவிட்டு மறுபடி ஏறுவது. ஸ்க்வாட், டெட்லிஃப்ட், ரோயிங் எல்லாம் கூடவே ஓடின. அவை தாமாக ஏறிக்கொண்டிருந்ததால் இங்கே பேச்சில்லை.

சுத்தம் என்பதற்கு ஓர் அளவு வைத்திருந்தேன். இடுப்பு வளைந்து நெஞ்சு மேலே பார்க்கத் தொடங்கினால் அந்த ரெப் கணக்கில் சேராது. பின்னால் சாய்ந்து நெஞ்சின் மேல்பாகத்தால் தள்ளினால் நாலைந்து கிலோ கூடுதலாகப் போகும், உண்மைதான். ஒலிம்பிக்கில் பிரஸ் ஒரு போட்டியாகவே இருந்து, இப்படிச் சாய்வதை நடுவர்கள் கட்டுப்படுத்த முடியாமல்தான் 1972 மியூனிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள். செல்போனைப் பக்கவாட்டில் கேட்டின் மேல் வைத்து வீடியோ எடுத்தால் சாய்வு தெரிந்துவிடும். பிட்டத்தை இறுக்கிப் பிடித்தால் இடுப்பு வளையாது. ராடு நெற்றியைத் தாண்டியதும் தலையை ராடுக்குக் கீழே முன்னால் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டையும் தவிர நுணுக்கம் என்று நான் எதையும் மெனக்கெடவில்லை.

சித்திரை முடியும்போது 43.25. வார்ப்பு எண்ணில் சொன்னால் 44, 45 கிட்ட. இதுவரை சாப்பாட்டில் ஒன்றும் மாற்றவில்லை, சின்னப் படி மட்டும்தான். அங்கே நின்றது. மறு வாரமும் அதே 43.25-ல் நின்றது. எடைத்தட்டில் உடம்பு 66-ஐ விட்டு அசையவில்லை.

அடுப்படித் தராசு

400 ரூபாய்க்கு ஒரு கிச்சன் தராசு வாங்கி, தட்டில் விழுவதை எல்லாம் ஒரு வாரம் எழுதினேன். அம்மா, "சாப்பாட்டைத் தராசுல வெச்சுத் திங்கறதை இந்த ஊட்லதான் கண்ணு பார்க்கறேன்" என்றார். ஆனால் பருப்பு எவ்வளவு போடுகிறோம் என்று கேட்டபோது அளந்து காட்டியதும் அவர்தான்: நாலு பேருக்கு, இரண்டு வேளைக்கு, துவரம்பருப்பு 100 கிராம்.

100 கிராம் துவரம்பருப்பில் புரதம் 22 கிராம். எட்டுப் பங்கு போட்டால் ஒரு வேளை சாம்பாரில் மூன்று கிராம்கூட இல்லை. "பருப்பு சாப்பிடறோமே, புரதம் வரும்" என்ற நம்பிக்கை அங்கேயே முடிந்தது. மற்றவை: மூன்று இட்லி 6 கிராம், மதியச் சோறு 350 கிராமில் 9, பொரியல் 2, ஒரு கிண்ணம் தயிர் 3, மூன்று டீயின் பால் 9, இரவு மூன்று சப்பாத்தி 10, குருமா 3, காலையும் மதியமும் சாம்பார் 6. கூட்டினால் 48. ஞாயிறு கோழி வந்தால் அன்றைக்கு மட்டும் கூடும்.

சாதாரணமாக வேலைக்குப் போய் வருகிறவருக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 66 கிலோவுக்கு 55 கிராம். நான் அதற்கும் கீழே இருந்துகொண்டு தோள் வளரவில்லை என்று ரெப் கணக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். எடை தூக்குகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 அளவில் இருந்தால் நல்ல பலன், அதற்கு மேல் போட்டால் பெரிதாகக் கூடுவதில்லை என்பது ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது. எனக்கு 105.

ஆக 57 கிராம் சேர்க்க வேண்டும். இருக்கிற சாப்பாட்டை மாற்றாமல் மேலே சேர்ப்பது என்று முடிவு. சோற்றைக் குறைக்கவே இல்லை. எடை ஏற வேண்டிய நேரத்தில் சோற்றைக் குறைக்கச் சொல்கிற ஜிம் அறிவுரை எனக்குப் புரிந்ததே இல்லை. முட்டை நான்கு, 24 கிராம். உலர்ந்த சோயா உருண்டை 40 கிராம், 21 கிராம். வறுத்த நிலக்கடலை 30 கிராம், 7 கிராம். பொட்டுக்கடலை 25 கிராம், 5 கிராம். மொத்தம் 57. அன்றைய விலைக்கு முட்டை 26 ரூபாய், சோயா 6, நிலக்கடலை 5, பொட்டுக்கடலை 3. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். டப்பாவில் வருகிற வே புரதப் பொடியில் ஒரு கரண்டிக்கு 24 கிராம் கிடைக்கும், விலை அதற்கு மட்டுமே இதன் இரண்டு மடங்கு. நேரமில்லாதவர்களுக்கு அது சரி. அதில் மந்திரம் எதுவும் இல்லை, பாலில் இருந்து வருவதுதான்.

சோயாவில் இரண்டு தடவை இடறியது. முதலில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு 40 கிராம் எடை போட்டுக்கொண்டிருந்தேன். சோயா தண்ணீரை இழுத்து மூன்று மடங்காகிறது. அதனால் கிடைத்தது 21 அல்ல, 7 கிராம் அளவில்தான். இரண்டு வாரம் இப்படியே போனது. உண்டைகள் தட்டில் ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பாக்கெட்டில் எழுதியிருப்பது எப்போதும் உலர்ந்த எடைக்கு. பருப்பு, கடலை, அரிசிக்கும் இதே விதி. சமைப்பதற்கு முன் எடை போட்டதா, பின் எடை போட்டதா என்று எழுதாத கணக்கு கணக்கே இல்லை.

அடுத்து, விட்டதைப் பிடிக்கிறேன் என்று 80 கிராம் போட்டு ஒரே வேளையில் சாப்பிட்டேன். அன்று ராத்திரி வயிறு போட்ட சத்தம் பக்கத்து ரூம் வரை. 40-க்கே திரும்பினேன். கொதிநீரில் உப்புப் போட்டு ஐந்து நிமிடம், வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடி அலசிப் பிழிந்தால் வாடையும் போகிறது, வயிறும் ஒத்துக்கொள்கிறது. பிறகு மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் போட்டுச் சுக்காபோல வதக்கினால் சப்பாத்திக்கு நன்றாக இருக்கும்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க முட்டை உள்ளே வராது. அந்த 24 கிராமுக்குப் பதிலாகப் பால் 300 மில்லி, பன்னீர் 50 கிராம், கூடுதலாக ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல் என்று ஓட்டினேன். முட்டைக்கு ஆன 26 ரூபாய் அந்த மாதம் 40-ஐத் தாண்டியது. நவராத்திரி சுண்டல் வேறு பக்கத்து வீடுகளிலிருந்து வந்ததால், சொல்லப்போனால் அந்த மாதம்தான் புரதம் தாராளம். பிரஸ் குறையவில்லை.

எடை தூக்குகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் கிரியாட்டின் பொடியும் நாளுக்கு 3 கிராம் போட்டேன், ஆடியிலிருந்து. முதல் சில வாரத்தில் ஏறுகிற ஒரு கிலோ பெரும்பாலும் தசைக்குள் தங்கும் தண்ணீர். அதைப் பார்த்துக் குதிக்க வேண்டாம். இதை எடுத்துக்கொள்கிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டலாம். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இதையும், மேலே சொன்ன புரத அளவையும் தாமாகத் தொடங்கவே கூடாது.

வைகாசி நடுவில் 43.25 கடந்தது. ஆனி, ஆடி இரண்டும் வாராவாரம் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு படியாவது ஏறியது. ஆவணியில் வேலை நெருக்கடியில் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த நாட்களில் அதே எடை இரும்பு மாறிவிட்டதுபோல இருந்தது. அந்த வாரங்களில் ஏற்றவே இல்லை. ஐப்பசித் தொடக்கத்தில் 5 செட், 3 ரெப்பில் 47.25 முடிந்தது. பத்து நாள் கழித்து ஒரே ரெப்பாக 50.25. உடம்பு 66-லிருந்து 69. வேட்டி மடிப்பில் ஒரு சுற்று குறைந்ததும் உண்மை, மூன்று கிலோவும் தோளுக்கே போகவில்லை.

அடுத்த தடவை என்றால்

வரிசையை மாற்றுவேன். கிச்சன் தராசுதான் முதல் செலவு, ராடுக்கும் முன்னால். 400 ரூபாய்ப் பொருள் சொன்னதைத்தான் 43-ல் நின்ற வாரங்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. கொக்கித் தராசை வாங்கப் போகும்போதே கையில் கொண்டுபோய், பழைய பிளேட்டுகளை விற்பவர் முன்னாலேயே எடை போட்டு, ஜோடி சேர்கிறதை மட்டும் எடுப்பேன். கிலோ கணக்கில் காசு கொடுக்கும்போது யாரும் மறுக்கப்போவதில்லை.

கேஸ் கட்டிங் வேண்டாம். கோவையில் இப்போது லேசர் கட்டிங் இடங்கள் நிறைய. உள்வட்டம், வெளிவட்டம் இரண்டையும் வரைந்து கொடுத்தால் நெளியாமல் ஒரே தடவையில் வெட்டி வருகிறது, லேத்துக்கே போக வேண்டாம். சின்ன ஆர்டராக இருப்பதால் சில இடங்களில் குறைந்தபட்சத் தொகை கேட்கிறார்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து கொடுத்தால் ஒரு செட் எனக்கு ஆன 1,640-ஐவிடக் குறைவாக முடியும். அளவு அதேதான்: துளை 51, வெளிவிட்டம் 127, 6 மி.மீ. தகட்டுக்கு அரைக் கிலோ, 3 மி.மீ. தகட்டுக்குக் கால் கிலோ. வீட்டு உபயோகத்துக்கு விற்கிற 28 மி.மீ. மெல்லிய ராடு வைத்திருப்பவர்கள் துளையை 30 என்றும் வெளிவிட்டத்தை 120 என்றும் மாற்றிக்கொண்டால் எடை அப்படியே வரும்.